கறுப்பில் முளைக்கும் வெள்ளை

மகாராஜபுரத்திலிருந்து மேற்கே பார்த்தால் மலைதான். விடிவதற்குச் சற்று முன்னால் சதுரகிரிப் பக்கத்து மலை முழுக்கக் கறுப்பாக நிற்கும். அதன் விளிம்புக்கு மேலே வானம் மட்டும் வெளுத்திருக்கும். கீழே தென்னந்தோப்பும் அதே கறுப்பில் கரைந்து கிடக்கும். படம் எடுக்கிறவர்கள் விரும்பும் நேரம் அது. அப்படி எடுத்த ஒரு படத்தை நல்ல பருத்தித் தாளில், ஏ2 அளவில் அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்டினால், வீட்டுக்கு வருகிறவர்கள் மலைச்சரிவில் இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளிகளைக் காட்டிக் கேட்பார்கள்: "அமாவாசைக்கு மலையேறுறவங்க டார்ச் லைட்டா இது?"

இல்லை. கேமராவில் அப்படி எதுவும் பதிவாகவில்லை. கணினித் திரையில் எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் அந்த இடம் கறுப்புதான். அச்சு இயந்திரமும் அங்கே கறுப்பு மையைத்தான் தெளித்தது. தாளில்தான் ஏதோ நடந்திருக்கிறது. அதே பெட்டியிலிருந்து எடுத்த வேறொரு தாளில் பால்கோவாக் கடையின் வெள்ளைச் சுவரையோ பகல் வானத்தையோ அச்சிட்டிருந்தால் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதை வெறும் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். கையில் பிடித்துப் பார்க்கும் தொலைவில், அதாவது 30 சென்டிமீட்டரில், நல்ல கண்ணால் ஏறக்குறைய 0.09 மில்லிமீட்டர் இடைவெளியிலுள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும். அதைவிடச் சிறியது கண்ணுக்குத் தெரியாது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. பிரித்தறிய முடியாதே தவிர, ஏதோ இருக்கிறது என்பது தெரியும். நட்சத்திரத்தின் உருவத்தை எந்தக் கண்ணாலும் அளக்க முடியாது. ஆனாலும் இருட்டில் அது தெரிகிறது. வெள்ளைப் புள்ளியும் அப்படித்தான்.

புள்ளியின் அகலம் 0.05 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கண் பிரித்தறியும் அந்தச் சிறு சதுரத்தில் இது மூன்றில் ஒரு பங்கை அடைக்கும். நல்ல வெள்ளைத் தாள் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். பளபளப்பில்லாத பருத்தித் தாளில் அச்சான ஆழ்ந்த கறுப்பு 2.5 விழுக்காடு அளவுக்குத்தான் அனுப்பும். இரண்டையும் கலந்து கணக்கிட்டால், அந்தச் சதுரம் சுற்றியுள்ள கறுப்பைவிட 12 மடங்கு பிரகாசமாக இருக்கும். அதே புள்ளி நடுத்தரச் சாம்பலில் விழுந்தால் வித்தியாசம் இரண்டு மடங்கு சொச்சம்தான். 70 விழுக்காடு ஒளியைத் திருப்பும் வெளிர் வானத்தில் விழுந்தால் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குறை ஒன்றே, மலையில் உறுத்துகிறது, வானத்தில் காணாமல் போகிறது. ஏ2 தாளை 0.1 மில்லிமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் ஏறக்குறைய இரண்டரைக் கோடிக் கட்டங்கள் வரும். அதில் மூன்று கட்டம் பழுதாக இருந்தால் வேறெந்தத் தொழிலிலும் பாராட்டுவார்கள். இங்கே தாளைத் தூக்கிப் போட வேண்டியிருக்கிறது.

அந்தப் புள்ளி எப்படி உண்டாகிறது? பலர் நினைப்பதுபோல அந்த இடத்தில் மை விழாமல் போனதால் அல்ல. மை விழுந்தது, தாளின் மேல் அல்லாமல் தாளின் மேல் கிடந்த ஏதோ ஒன்றின் மேல் விழுந்தது. ஒரு துண்டு பஞ்சு நாராகவோ பூச்சிலிருந்து உதிர்ந்த துணுக்காகவோ அது இருக்கலாம். அச்சாகி வரும்போது அதுவும் கறுப்பாகவே இருப்பதால் கண்ணில் படாது. மை காய்ந்த பிறகு, தாளைத் தூக்கும்போதோ சட்டத்துக்காக வெட்டும்போதோ சில வாரம் கழித்தோ அது உதிர்கிறது. அதன் அடியில் மை படாத வெள்ளை வெளியே வருகிறது. அச்சுக்காரர் "கொடுக்கும்போது நல்லாத்தான இருந்துச்சு" என்பார். அவர் சொல்வதும் உண்மைதான்.

ஒரு லூப் இருந்தால் இன்னும் கொஞ்சம் படிக்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண லூப் போதும், அதை வைத்து ஒரு புள்ளியை ஐந்து நிமிடம் பார்த்தால் அது பிறந்த கதை தெரிந்துவிடும். வெள்ளை, வளைந்த மெல்லிய கோடாக இருந்தால் அங்கே கிடந்தது நார். ஓரங்கள் உடைந்த, கோணல்மாணலான புள்ளியாக இருந்தால் உதிர்ந்தது பூச்சுத் துணுக்கு. மூன்றாவது வகையும் உண்டு: பளிச்சென்ற வெள்ளையாக இல்லாமல், ஓரம் கசிந்த மங்கலான சாம்பல். அந்த இடத்தில் பூச்சு அச்சுக்கு முன்பே உதிர்ந்திருக்கிறது. மை வெற்று நாரின் மேல் நேராக விழுந்து உள்ளே இறங்கிவிட்டது. முதல் இரண்டையும் அச்சுக்கு முன் துடைத்துத் தடுத்திருக்கலாம். மூன்றாவதைத் துடைத்துத் தடுக்க முடியாது.

பூச்சு என்றதும் அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சிக்கலின் வேர் அங்கேதான். பருத்தித் தாளில் நேரடியாக இங்க்ஜெட் மையைத் தெளித்தால் மை நாருக்கு நார் தாவிப் பரவும், கறுப்பு வெளிறும். அச்சுத்தலை தெளிக்கும் ஒரு துளியின் அளவு சுமார் 4 பிக்கோலிட்டர், குறுக்களவு 20 மைக்ரான். ஒரு பஞ்சு நாரின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். துளி விழுந்த இடத்திலேயே நிற்கவேண்டும், நீர் மட்டும் சட்டென்று கீழே இறங்கவேண்டும், நிறமி மேலேயே தங்கவேண்டும். இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான் தாளின் மேல் சில பத்து மைக்ரான் தடிமனுக்கு நுண்துளைச் சிலிக்காப் பூச்சு போடுகிறார்கள். அந்தச் சிலிக்கா ஒரு கிராமை எடுத்தால் அதன் உட்பரப்பெல்லாம் சேர்த்து நூற்றுக்கணக்கான சதுர மீட்டர் வரும். அத்தனை துளைகள். நீர் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

சிலிக்காத் தூளைத் தாளோடு பிடித்து வைப்பது பாலிவினைல் ஆல்கஹால் என்ற பசை. எவ்வளவு பசை என்பதில்தான் சூட்சுமம். கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிப்பவர்களுக்கு இது புரியும்: பாகு பொரிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மட்டும் ஒட்டினால் உருண்டை மொறுமொறுப்பாக, உள்ளே காற்றோடு இருக்கும், பாகு கூடினால் இடைவெளியெல்லாம் நிரம்பிக் கல்லாகிவிடும், குறைந்தால் கையிலேயே உதிரும். பசை கூடினால் பூச்சு உறுதியாக இருக்கும், ஆனால் துளைகள் அடைபட்டு மை மேலே தேங்கி வழியும். பசை குறைந்தால் கறுப்பு ஆழமாக வரும், ஆனால் மேற்பரப்பு விரலுக்கு ஒட்டும் சுண்ணாம்புபோல் பலவீனமாகும். ஆழ்ந்த கறுப்பு வேண்டும் என்று நாம் கேட்கக் கேட்க, தாள் செய்பவர் உதிர்வின் விளிம்புக்கு அருகே போய் நிற்கிறார். மலையின் கறுப்பை அழகாக்கும் அதே குணம்தான் மலையில் புள்ளியையும் வைக்கிறது. விலை உயர்ந்த தாளில் குறையே வரக்கூடாது என்று கோபப்படுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லாததற்கு இதுதான் காரணம். வழவழப்பான மலிவு போட்டோ பேப்பரில் இந்தப் புள்ளி அரிது. அதில் பிளாஸ்டிக் படலம் பூசிய அடித்தாள். நார் வெளியே நீட்ட வழியே இல்லை.

பருத்தித் தாளை யாரும் இங்க்ஜெட்டுக்காகக் கண்டுபிடிக்கவில்லை. 1584 முதல் தாள் செய்துவரும் ஜெர்மனியின் ஹானமியூலே போன்ற ஆலைகள் ஓவியர்களுக்கும் செதுக்கு அச்சுக் கலைஞர்களுக்கும் செய்துவந்த தாள் அது. 1991-இல் பாடகர் கிரகாம் நாஷ் கலிஃபோர்னியாவில் ஒரு அச்சகம் தொடங்கி, விளம்பரத் தொழிலின் முன்மாதிரி அச்சுக்காக வந்த ஐரிஸ் இயந்திரத்தில் நீர்வண்ண ஓவியத் தாளைச் சுற்றிப் புகைப்படங்களை அச்சிட்டார். அதிலிருந்து பிறந்ததுதான் இன்றைய கலை அச்சு. பூச்சுகள் பிறகு வந்தன.

பஞ்சு என்று வந்துவிட்டால் ராஜபாளையத்தைத் தாண்டிப் போக முடியாது. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இங்கே நூற்பாலை நிறுவியதிலிருந்து ஊரின் பேச்சிலேயே பஞ்சு கலந்திருக்கிறது. நூலுக்கு நீளமான நார் வேண்டும். கோம்பர் இயந்திரம் குட்டையான நார்களைச் சீவித் தள்ளிவிடும். அந்தக் கோம்பர் வேஸ்ட்டுக்கு நல்ல கிராக்கி உண்டு, ஏனென்றால் ரூபாய் நோட்டுத் தாளுக்கு அதுதான் சரக்கு. கலைத் தாளுக்கு இதற்கு ஒரு படி கீழே, விதையை ஒட்டிக்கொண்டு நிற்கும் சில மில்லிமீட்டர் நீளப் பூம்பஞ்சையும் பயன்படுத்துகிறார்கள், லின்டர் என்பார்கள். மரத்தில் செல்லுலோஸ் பாதிக்கு மேல் தேறாது, கூடவே மஞ்சளாக்கும் லிக்னின் வேறு. வெளுத்த பஞ்சு ஏறக்குறைய முழுக்கச் செல்லுலோஸ்தான். நூறாண்டு நிற்கும் தாளுக்கு இதைவிட நல்ல மூலப்பொருள் கிடையாது.

ஆனால் லின்டர் விதையிலிருந்து சுரண்டி எடுக்கப்படுவது. விதைத்தோலின் பழுப்புத் துணுக்கு கூடவே வரும். நெய்த துணியில் கறும்புள்ளியாகத் தெரிவதும் இதுதான், தாளில் பூச்சுக்கு அடியிலிருந்து பழுப்பாக எட்டிப் பார்ப்பதும் இதுதான். மில்காரர்களுக்கு இன்னொரு தலைவலி கன்டாமினேஷன்: பஞ்சுப் பொதியில் கலந்துவிட்ட பிளாஸ்டிக் சாக்கு நார், தலைமுடி, சாயத் துணித் துண்டு. இதைப் பொறுக்கவே ஆலைகளில் ஆட்கள் இருந்தார்கள். இப்போது கேமரா பார்த்துக் காற்றால் தள்ளிவிடும் இயந்திரங்கள் வந்துவிட்டன. பிளாஸ்டிக் நார் சாயம் ஏற்காது. துணி சாயம் போடும்வரை அது இருப்பதே தெரியாது. மை விழும்வரை தாளின் குறை தெரியாததுபோல.

ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். அங்கேயும் வெளுத்த பஞ்சுதான், ஆனால் தேவை நேர் எதிர். மருத்துவப் பஞ்சைத் தண்ணீரில் போட்டால் 10 நொடிக்குள் மூழ்க வேண்டும் என்பது மருந்தியல் தர விதி. அதற்காகப் பஞ்சிலுள்ள மெழுகையெல்லாம் காஸ்டிக் போட்டு வேகவைத்து நீக்குகிறார்கள். தாள் ஆலையில் மெழுகை நீக்கிய பிறகு, நீர் விலக்கும் பொருளொன்றைத் திரும்பச் சேர்க்கிறார்கள்; இல்லாவிட்டால் பூச்சுக் கரைசலே தாளுக்குள் போய்விடும். இரண்டு தொழிலுக்கும் ஒரே சோதனை ஒன்று உண்டு. 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்பது. மருத்துவப் பஞ்சு பளீரென்று நீலமாக மின்னக்கூடாது. மின்னினால் துணிக்கு வெண்மை ஏற்றும் ரசாயனம் கலந்திருக்கிறது. அருங்காட்சியகத் தரத் தாளிலும் அது இருக்கக்கூடாது, ஏனென்றால் அந்த ரசாயனம் காலப்போக்கில் சக்தியிழந்து, தாள் மஞ்சளாகத் தெரியத் தொடங்கும். கள்ள நோட்டுப் பார்க்கும் சிறு விளக்கை இருட்டறையில் தாளின் மேல் காட்டிப் பாருங்கள். பகலில் தெரியாத ஒற்றை நார் நீலக்கோடாக எரியும். எந்தச் சலவைத் துணியிலிருந்து வந்ததோ!

கலை அச்சுக்காரர்கள் புள்ளியைப் பற்றிப் பேசும்போது, பக்கத்திலிருக்கும் சிவகாசி ஆஃப்செட் காரர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு இது பழைய விரோதி, ஹிக்கி என்பார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆஃப்செட்டில் மை பிசுபிசுவென்று இழுக்கும். பிளாங்கெட் என்ற ரப்பர் விரிப்பு தாளை அழுத்திப் பிரியும்போது தாளில் தளர்ந்திருக்கும் நாரைப் பறித்துக்கொண்டு போய்விடும். பறித்த நார் பிளாங்கெட்டிலோ பிளேட்டிலோ ஒட்டிக்கொண்டு, அடுத்தடுத்த தாள்களில் அதே இடத்தில் வெள்ளைப் புள்ளி போடும். காய்ந்த மைத்துண்டு ஒட்டியிருந்தால் நடுவில் மையும் சுற்றிலும் வெள்ளை வளையமும் விழும். இயந்திரத்தை நிறுத்தித் துடைத்தால் சரியாகிவிடும். இங்க்ஜெட்டில் அச்சுத்தலை தாளைத் தொடுவதே இல்லை. தளர்ந்த நாரைப் பறிக்க எதுவும் இல்லாததால் அது அங்கேயே கிடந்து மையை வாங்கிக்கொள்கிறது. அதனால் அடுத்த தாளில் அதே இடத்தில் புள்ளி வராது. இரண்டு தாளில் ஒரே இடத்தில் வந்தால் தாளைக் குறை சொல்லாதீர்கள். படக் கோப்பைப் பாருங்கள்.

புள்ளி அல்லாமல் கோடாக வரும் குறையின் காரணத்தை அறியவும் ஒரு வழி உண்டு: திசையைப் பார்ப்பது. அச்சுத்தலை தாளின் குறுக்கே ஓடுகிறது. அதில் மை தெளிக்கும் நாசில் அடைத்துக்கொண்டால் கோடும் குறுக்கே வரும். பூச்சு பூசும் இயந்திரத்தில் தாள் நீளவாக்கில் ஓடுகிறது. பூசும் விளிம்பில் ஒரு துகள் சிக்கினால் கீறல் ரோலின் நீளத்துக்குப் போகும். ஆக, ரோல் தாளில் குறுக்குக் கோடு இயந்திரத்தின் கணக்கு, நெடுக்குக் கோடு பெரும்பாலும் தாளின் கணக்கு. பெரும்பாலும் என்பதற்குக் காரணம், சில இயந்திரங்களில் தாளை அழுத்தி வெளியே தள்ளும் சிறு பல்சக்கரங்கள் நெடுக்கில் ஊசிக்குத்துப் போல வரிசையாகப் பதிக்கும். அவை சம இடைவெளியில் இருக்கும் என்பதால் ஏமாற வேண்டியதில்லை. பூச்சுக் கரைசலில் காற்றுக் குமிழ் இருந்து, காயும்போது வெடித்தால் வட்டமான சிறு பள்ளம் விழும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பூச்சு அதைவிட்டு விலகி மீன்கண் போல் நிற்கும். இவை ஆலையில் நடப்பவை. நம் கையால் நடப்பவையும் உண்டு: நகம் பட்டால் மேட் பூச்சின் துளைகள் நசுங்கி அந்த இடம் பளபளக்கும். அதை எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது.

இந்த ஊர்ப் பக்கத்து வானிலைக்கும் தாளுக்கும் நேரடிப் பகை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று வீட்டுக்குள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டும். அதற்கு முன் சித்திரை, வைகாசியில் காற்று உலர்ந்து கிடக்கும். உலர்ந்த காற்றில் பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை உருவினால் நிலைமின்சாரம் ஏறும். தாள் தானே சுற்றியுள்ள தூசியையும் நார்த்துணுக்கையும் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். பிரஷ் போட்டாலும் நகராது. மில்களில் இதே சிக்கல் நூலுக்கு வரும். அதனால்தான் நூற்புக் கூடத்தில் ஈரப்பதத்தைச் செயற்கையாக ஏற்றிப் பராமரிக்கிறார்கள். பஞ்சு ஈரம் குடிக்கும் பொருள். தரநிலைக் காற்றில் அதன் உலர் எடையில் 8.5 விழுக்காடு நீர் என்று கணக்கு வைத்துத்தான் பஞ்சு வியாபாரமே நடக்கிறது. தாள் அச்சிடும் அறைக்கு 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் நல்லது. ஐப்பசி மழையில் அது எளிதாக 80-ஐத் தாண்டும். அப்போது தாளின் ஓரங்கள் மட்டும் ஈரம் குடித்து நெளியும், நெளிந்த ஓரம் அச்சுத்தலையில் உரசி மைத்தடம் விழும். மாதக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் பூஞ்சையும் இரும்புத் துகளும் சேர்ந்து துருநிறத்தில் புள்ளி போடும். ஏசி அறையிலிருந்து எடுத்த தாளை உடனே வெளி அறையில் பிரிப்பதும் தப்பு. குளிர்ந்த தாளில் ஈரம் படியும்.

துடைப்பதைப் பற்றி. அச்சிடும் மேசைக்குப் பக்கத்தில் வேண்டாம். துடைத்த தூசி இயந்திரத்துக்குள் போகும். தாளின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து, அச்சிடும் பக்கம் கீழே பார்க்கும்படி சாய்த்து, பின்பக்கம் விரலால் இரண்டு தட்டு. ஓரத்தில் வெட்டுத் தூசி பொலபொலவென்று விழுவதைக் கறுப்புத் துணி விரித்துவைத்தால் பார்க்கலாம். தாள் ஆலையில் கத்தி வெட்டிய விளிம்பில்தான் அதிகத் தூசி இருக்கும், பெட்டிக்குள் அடுக்கும்போது அது பக்கத்துத் தாளின் முகத்துக்கு மாறும். பிறகு ஆட்டுமயிரால் செய்த அகலமான மென்பிரஷ். அழுத்தக்கூடாது, பிரஷின் நுனி மட்டும் பட வேண்டும், ஒரே திசையில், நடுவிலிருந்து வெளியே. கடைசியாக விளக்கைத் தாளின் தளத்தோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் மிச்சமிருக்கும் ஒவ்வொரு நாரும் நீள நிழல் வீழ்த்தி நிற்கும். வாயால் ஊதுவதைப் பலர் செய்கிறார்கள். எச்சில் துளி ஒன்று விழுந்தால் போதும், அந்த இடம் மையை வேறு மாதிரிக் குடிக்கும். டயர் கடைக் கம்ப்ரசர் காற்றில் எண்ணெயும் நீரும் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த யோசனை யாருக்காவது வரும். தடித்த ரோல் பருத்தித் தாளை இயந்திரத்தின் தானியங்கி வெட்டுக் கத்திக்குக் கொடுக்காமல் வெளியே எடுத்து வெட்டுவதும் நல்லது. உள்ளே வெட்டினால் அந்தத் தூசி அடுத்த படத்துக்குக் காத்திருக்கும்.

வெள்ளைப் புள்ளி நம் ஸ்டூடியோக்களுக்குப் புதிதும் அல்ல. ஊட்டியில் 1960-இல் நிறுவி 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் வெளியிட்ட கறுப்பு வெள்ளைத் தாளில் தென் தமிழ்நாட்டுக் கல்யாணங்கள் எத்தனையோ பதிந்தன. இருட்டறையில் நெகட்டிவ் மேல் தூசி உட்கார்ந்தால் அது பெரிதாக்கியின் ஒளியை மறைக்கும், ஒளி படாத இடத்தில் தாள் கறுக்காது, வெள்ளைப் புள்ளி. ஒரே நெகட்டிவிலிருந்து பத்துப் பிரதி போட்டால் பத்திலும் ஒரே இடத்தில். மணப்பெண்ணின் கூந்தலில் விழுந்த வெள்ளையை மூன்று சைபர் பிரஷால், மூச்சை அடக்கிக்கொண்டு, துளித்துளியாக மறைக்கும் ஆளுக்கு ஸ்டூடியோவில் தனி மரியாதை இருந்தது. ஸ்பாட்டிங் என்ற அந்த வேலை கணினி வந்ததும் போய்விட்டது என்று நினைத்தோம். கலை அச்சில் அது திரும்பி வந்திருக்கிறது.

பருத்தி மேட் தாளில் ஸ்பாட்டிங் செய்வது முடியாத காரியமல்ல. கண்ணாடித் துண்டில் அதே இயந்திரத்தின் மையை ஒரு சொட்டு எடுத்து, நீர் சேர்த்து, ஏறக்குறைய உலர்ந்த பிரஷ் நுனியால் புள்ளியின் நடுவில் மட்டும் வைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் கறுப்பு வாட்டர்கலரை வைத்தால் பகலில் பொருந்தும், இரவில் எல்.ஈ.டி. வெளிச்சத்தில் வேறு நிறமாக நிற்கும். ஒரே வைப்பில் மூட முயன்றால் புள்ளியைச் சுற்றி வளையம் விழும். வெளிர் கலவையில் தொடங்கி, காயவிட்டு, மறுபடி வைப்பது மேல். பூச்சு முழுதாக உதிர்ந்து நார் தெரியும் இடத்தில் மை கசிந்து ஓடும். அங்கே கூர் சீவிய வண்ணப் பென்சில் உதவும். பளபளப்பான பரைட்டா வகைத் தாளில் இதெல்லாம் நடக்காது. கறுப்பு பொருந்தினாலும் பளபளப்பு பொருந்தாது, சாய்த்துப் பார்த்தால் ஒட்டுப்போட்டது தெரியும். அதில் கறுப்பு அரை விழுக்காடு ஒளியைத்தான் திருப்பும் என்பதால் புள்ளியின் உறுத்தலும் ஐந்து மடங்கு அதிகம்.

துடைத்து அச்சடித்தும் ஒரு பெட்டி முழுக்கத் தாளுக்குத் தாள் புள்ளி வந்தால் அது ஆலையின் பொறுப்பு. திருப்பிக் கேட்கும்போது, பாழான படத்தை மட்டும் கொண்டுபோய்ப் பயனில்லை. படத்தில் பாதி வானமாக இருந்தால் அதில் பாதிக் குறை ஒளிந்திருக்கும். முழுத்தாளையும் ஒரே கறுப்பாக அச்சிட்ட இரண்டு தாள், அவற்றில் ஒன்று துடைத்தது, ஒன்று துடைக்காதது; புள்ளிக்குப் பக்கத்தில் மில்லிமீட்டர் அளவுகோல் வைத்து லூப் வழியாக எடுத்த படம்; பெட்டியின் மேலட்டையிலுள்ள பேட்ச் எண்; அதே பெட்டியிலிருந்து அச்சிடாத தாள் ஒன்று. துடைத்த தாளிலும் துடைக்காத தாளிலும் புள்ளிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் குறை பூச்சில் இருக்கிறது. துடைத்ததில் பெருமளவு குறைந்திருந்தால் வெட்டுத் தூசிதான். முன்னதற்குப் பெட்டியை மாற்றித் தருவார்கள். பின்னதற்குப் பிரஷ் வாங்கச் சொல்வார்கள்.